ஒரே வீடு, நான்கு எழுத்து

மையர் என்ற ஜெர்மன் குடும்பப்பெயரை ‘எம்’ எழுத்துக்குப் பிறகு ஈ-ஐ, ஈ-ஒய், ஏ-ஐ, ஏ-ஒய் என நான்கு விதமாக எழுதுகிறார்கள். வாசித்தால் நான்கும் ஒரே ஒலிதான். ஆனால் முன்னோரைத் தேடுகிறவர்களில் பலர், “எங்களுடையது ஏ-ஒய், மற்றவர்கள் வேறு ஆட்கள்” என்று சொல்லிச் சொந்தப் பாட்டனின் பதிவையே தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தத் தேடலில் இதைவிட வருத்தமான இழப்பு எனக்குத் தெரியவில்லை.

எழுத்தைக் குடும்பம் முடிவு செய்யவில்லை. திருமுழுக்கு, திருமணம், அடக்கம் மூன்றையும் தேவாலய ஏட்டில் பதிந்தவர் குருவானவர். எளிய ஜனங்கள் வாயால் சொன்னது அவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். சாக்சனிப் பேச்சில் ‘பீட்டர்’, ‘பஸ்’ இரண்டின் முதல் ஒலியும் ஒன்றாகிவிடும். அங்கே பெயரின் முதலெழுத்தே ஏட்டுக்கு ஏடு மாறலாம். அகரவரிசையை நம்பித் தேடுகிறவர் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். பெண்களுக்கோ கடைசியில் ‘இன்’ ஒட்டும். முல்லர் வீட்டு மகள் ஏட்டில் ‘முல்லரின்’. அதைத் தனிக் குடும்பமாக எண்ணிவிடக் கூடாது.

கையெழுத்தும் படுத்தும். குர்ரென்ட் என்ற பழைய எழுத்தில் ‘ஈ’யும் ‘என்’னும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்த இரண்டு குட்டைக் கோடுகள்தான். ‘யூ’வும் அதே கோடுகள், தலையில் சின்ன வளைவு ஒன்று இருக்கும். மை மங்கி அந்த வளைவு அழிந்தால் பெயரே வேறாகிவிடும்.

படித்தவர்கள்கூட ஒரே எழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மார்ட்டின் லூதரின் தகப்பனார் ஹான்ஸ் லூடர், மகனும் லூடர்தான். 1517-இல்தான் லூதர் என்று கையெழுத்திடத் தொடங்கினார்.

பிரஷ்யாவில் 1874-இலும் ஜெர்மன் பேரரசு முழுக்க 1876-இலும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்த பிறகே எழுத்து இறுகியது. அண்ணனும் தம்பியும் வேறு வேறு ஊர்களில் பதிந்திருந்தால், அவரவர் எழுத்தர் எழுதியதே பேரன்கள் வரை நின்றுவிடும்.

இப்படிச் சிதறிய எழுத்துகளைச் சேர்த்துத் தேட ஒரு வழி உண்டு. 1969-இல் ஹான்ஸ் யோஆகிம் போஸ்டல் வெளியிட்ட ‘கொலோன் ஒலிப்புமுறை’ பெயரை ஒலிப்படி எண்ணாக்குகிறது. நான்கு மையர்களுக்கும் அதில் 67 என்ற ஒரே எண். மோர் என்ற சம்பந்தமில்லாத பெயரும் அதே 67-இல் வந்து விழும். அவற்றைப் பிரித்தறியக் கைகொடுப்பவை தாயின் பெயர், தொழில், பண்ணைவீடு, ஞானப்பெற்றோர். ஏட்டில் தாயின் பெயர் ஒன்றாக உள்ள மூன்று குழந்தைகளுக்கும் அதே பக்கத்துவீட்டுக்காரர் ஞானத்தந்தையாக நின்றிருந்தால், பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தாலும் அவர்களை ஒரே குடும்பமாகத் துணிந்து சேர்க்கலாம்.