மூத்தம்மாவின் கடிதத்தை வாசிப்பது யார்?



உங்கள் வீட்டு அலுமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். மஞ்சளித்துப்போன பழைய கடிதமொன்று அதில் கிடக்கலாம். எழுத்து அரபு, மொழி தமிழ். இதுதான் அரபுத்தமிழ். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் ஓதப்போன இடத்தில் அரபு எழுத்தைக் கற்ற நம் மூத்தம்மாமார், அதைக் கொண்டே தமிழில் கடிதம் எழுதினார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் அரபுத்தமிழ்க் கிதாபுகளை வாசித்தார்கள். இன்று பேத்தி பட்டதாரி. ஆனால் அந்தக் கடிதத்தை அவளால் வாசிக்க முடியாது!

அடுத்து வந்தது கெசட். 1963இல் பிலிப்ஸ் கம்பனி அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பொருள், 1980களில் நம் வீடுகளில் பேசும் கடிதமானது. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் குரலைப் பதிந்து, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்பினார்கள். காத்தான்குடியிலிருந்து கல்முனைக்குப் போகும் வழியிலுள்ள களுதாவளை தமிழ்க் கிராமம். அரபுத்தமிழ் அங்கு இல்லை. ஆனால் தூரதேசத்துக் குரலுக்கு ஏங்குவது இந்தக் கரையோரத்தில் எல்லார்க்கும் பொதுதானே? இன்று கெசட் இருக்கிறது, அதைப் போட்டுக் கேட்க ரேடியோ இல்லை.

இப்போது வட்ஸ்அப். சலாம் சொன்ன மறுநொடியே பதில் வருகிறது. சேமித்து வைக்காமல் போனை மாற்றினால் அதுவும் போய்விடும்.

சாதனம் இலகுவாகிக்கொண்டே வருகிறது. பழையதைத் திறக்கும் சாவிதான் கைமாறுவதில்லை. 2004 டிசம்பர் 26 கடல்கோள் எத்தனையோ வீடுகளின் கடிதங்களையும் கெசட்டுகளையும் அள்ளிச் சென்றது. மிஞ்சியதையாவது காப்பாற்ற வேண்டாமா?

மூத்தம்மா இருக்கும்போதே கடிதத்தை வாசிக்கச் சொல்லிப் போனில் பதியுங்கள். கடிதத்தைப் படமும் பிடியுங்கள். கெசட்டின் மேல் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதிவாகாது. பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிடாதீர்கள். நல்ல நாடாவானால், ரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து வயர் போட்டுக் கணினியில் ஏற்றலாம்.

ஒன்றை மறவாதீர்கள். கணவன் மனைவிக்குப் பேசியது அமானிதம். உரியவரின் சம்மதமின்றிக் குடும்பக் குழுவில் போடாதீர்கள்.

பேரனுக்கு இயந்திரம் தெரியும், மூத்தம்மாவுக்கு எழுத்துத் தெரியும். இருவரையும் ஒரே பாயில் இருத்துவது உங்கள் பொறுப்பு. இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குங்கள், இன்ஷா அல்லாஹ்.