பூட்டிய பள்ளியும் அரசு தந்த உதவியும்

2020-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் பள்ளிகள் மூடப்பட்டபோது, கோடை விடுமுறை முன்னதாகவே வந்துவிட்டதென்று தேனாம்பேட்டைச் சிறுவர்கள் மகிழ்ந்தார்கள். அவர்களுள் ஒன்றாம் வகுப்பில் இருந்த குழந்தை மீண்டும் பள்ளிக்குள் நுழைந்தது 2021 நவம்பர் முதல் நாளன்று. அப்போது அது மூன்றாம் வகுப்பு! இடைப்பட்ட காலத்தில் அக்குழந்தை இழந்தது எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல, நண்பகல் உணவையும்தான்.

அரசு கைகட்டி நிற்கவில்லை என்பதை நன்றியோடு சொல்லவேண்டும். 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டைக்கு ரூ.1,000 வழங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் சென்னையும் அண்டைப் பகுதிகளும் மறுபடி முழுதாக அடைக்கப்பட்டபோது இன்னுமோர் ஆயிரம் கிடைத்தது. 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணையாக ரூ.4,000 தரப்பட்டது. சத்துணவுக்கு ஈடாக மாணவர்களுக்கு அரிசியும் பருப்பும் கொடுக்கப்பட்டன. ஆனால் பணம் வந்த வழி குடும்ப அட்டை. அட்டை எங்கே இருந்ததோ, உதவியும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

நம் பங்கில் ஒரு தாய் உண்டு. ஆழ்வார்ப்பேட்டையில் நான்கு வீடுகளில் வேலை செய்துவந்தவர். நோய்க்கு அஞ்சி நான்கு வீட்டாரும் ஒரே வாரத்தில் அவரை நிறுத்திவிட்டனர். குடும்ப அட்டையோ விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரில், மாமியார் வீட்டு முகவரியில் இருந்தது. நாலாயிரமும் அங்கே வாங்கப்பட்டு அங்கேயே செலவாயிற்று. அந்த மூதாட்டிக்கும் வயிறு உண்டல்லவா? அவரைக் குறைகூற இயலாது. இங்கோ இரு பிள்ளைகள் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் படித்துவந்தார்கள். தோட்டை அடகு வைத்து ஒரு கைபேசி வாங்கினார். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு என்றால், அண்ணன் விட்டுக்கொடுப்பான். பிறகு கட்டணம் பாக்கி நின்றது. வேறு பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் கேட்டபோது, "முதலில் பணம்" என்று அப்பள்ளி சொல்லிவிட்டது. எட்டாம் வகுப்பு முடித்திருந்த மகன் தண்ணீர் கேன் போடும் வேலைக்குப் போனான்.

இவ்வளவும் நான் அறிந்தது 2022-இல், தங்கை புதுநன்மை வகுப்புக்கு வந்தபோதுதான். "அண்ணன் எங்கேயம்மா?" என்று கேட்டேன். "அவன் வேலைக்குப் போறான் சாமி" என்றாள். பங்குக் கோயிலுக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையே இரண்டே தெரு. இரண்டாண்டு எனக்குத் தெரியவில்லை!

வருமானம் இழந்த பெற்றோரிடம் தனியார் பள்ளிகள் 75 விழுக்காடு கட்டணமே பெறலாம், அதையும் தவணைகளில் பெறவேண்டும் என்று 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியிருந்தது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டி எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைக்கு அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ இடம் மறுக்கக்கூடாது என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். அத்தாய் இவற்றை அறியார். திருமண ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்கும் நாங்கள், இத்தீர்ப்பை ஒரு ஞாயிறாவது வாசித்திருக்கலாம். கட்டணம் கேட்டு நெருக்கிய பள்ளிகளுள் சிலுவை தாங்கிய வாயில்களும் இருந்தன என்பதை எழுத என் பேனா கூசுகிறது.

இனி, காலம் தாழ்த்தக்கூடாத ஒரு செய்தி. நோயில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் ரூ.5 லட்சம் வைப்பாக இடப்படும், 18 வயது நிறையும்போது வட்டியுடன் தரப்படும் என்று தமிழக அரசு 2021 மே மாதம் அறிவித்தது. உறவினர் வீட்டில் வளர்வோருக்கு மாதம் ரூ.3,000 என்றும் கூறியது. அன்று பன்னிரண்டு, பதின்மூன்று வயதாயிருந்தோர் இப்போது அந்த 18-ஐ எட்டிக்கொண்டிருக்கின்றனர். வளர்த்த சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் கடன் இருக்கலாம். அவர்கள் பட்ட பாடும் மெய்தான். ஆயினும் அப்பணம் பிள்ளையின் படிப்புக்குரியது. வைப்புச் சான்றைத் தேடி எடுத்துவையுங்கள். பிள்ளையின் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்குங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகுங்கள். உடன்வர ஆளில்லையென்றால் பங்கு இல்லத்துக்கு வாருங்கள், நான் வருகிறேன்.

அட்டை கேளாத உதவியும் உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டு 26 அன்று நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தொடங்கப்பட்ட இடம் நமக்கு அண்மையிலுள்ள மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. விடியுமுன் வேலைக்கு ஓடும் தாய்மாருக்கு இது எத்தகைய ஆறுதல் என்பதை அவர்கள் முகத்தில் காணலாம். பெற்றோரின் முகவரி விழுப்புரமா, வேலூரா என்று அந்தத் தட்டு கேட்பதில்லை. பிள்ளை வந்து அமர்ந்தால் போதும். பள்ளி பூட்டப்பட்டபோது அடைபட்ட வாசல் எதுவென்று இப்போதுதான் எனக்கு முழுதாக விளங்குகிறது.

அந்த அண்ணன் இன்றும் கேன் சுமக்கிறான். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத இசைந்திருக்கிறான். மாலை ஏழு மணிக்குமேல் பங்கு மண்டபத்தில் படிக்கிறான். கணக்கு மட்டும் தங்கைதான் சொல்லிக்கொடுக்கிறாள்.