மூசி நதியும் அதன் நகரமும்

1908 செப்டம்பர் 28-ஆம் நாள் கரைபுரண்ட மூசி நதி ஹைதராபாத் நகரில் ஆயிரக்கணக்கான ஜீவன்களை வாரிக்கொண்டு போயிற்று. அப்சல்கஞ்சில் ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்ட ஏறத்தாழ 150 பேர் உயிர் தப்பினர். அந்த விருட்சம் உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் இன்றும் நிற்கிறது. நிஜாம் சர்க்காரின் அழைப்பை ஏற்று மறு வருஷம் வந்த பொறியாளர் விசுவேசுவரய்யா, நகருக்கு மேற்புறத்தில் வெள்ளத்தைத் தேக்கவும், நகருக்குள் கரைகளை உயர்த்தி அவற்றின்மீது உத்தியானவனங்களும் வீதிகளும் அமைக்கவும் யோசனை கூறினார். அதன்படி 1920-இல் உஸ்மான் சாகர் ஏரியும், 1927-இல் ஹிமாயத் சாகர் ஏரியும் உருவாயின.

இன்று சாக்கடை நீரைச் சுமந்து செல்லும் அந்நதியின் கரையில் பூங்காக்களை மட்டும் அமைப்பது போதாது. கழிவுநீரைச் சுத்திகரிப்பதும், அவ்விரு ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பிரதேசத்தைக் கட்டடங்களிலிருந்து காப்பதுமே முதற்கடமை என்பது என் திடமான அபிப்பிராயம். அப்பிரதேசத்தைக் காக்கவே 1996-இல் ஓர் அரசாணை ஏரிகளைச் சுற்றி 10 கிலோமீட்டர் தூரம் வரை கட்டடக் கட்டுப்பாடுகள் விதித்தது. 2022-இல் அவை தளர்த்தப்பட்டன.