ஏடும் அச்சும்

நம் முன்னோர் தம் நூல்களைப் பனையோலையில் எழுதி வைத்தனர். ஓலையோ நெடுநாள் வாழாது. கறையான் அரிக்கும்; ஈரம் மக்கச் செய்யும். ஆதலின் ஏடு பழுதுறுமுன் புதிய ஓலையில் படியெடுத்தல் வேண்டும். ஒரு தலைமுறை அதனை மறந்ததாயின் நூலே மறைந்துவிடும். ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் அவ்வாறு மறைந்தவையே. உரையாசிரியரும் தொகுப்பாசிரியரும் எடுத்தாண்ட சில பாடல்களே இன்று எஞ்சியுள்ளன.

சீவகசிந்தாமணி தப்பியது. 1880-ஆம் ஆண்டில், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூர் முன்சீபு சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் பயின்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் எனப் பலவற்றை அடுக்கிக் கூறினார். முதலியாரோ, சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என வினவினார். பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடங்கேட்டவர் ஐயர். அவரும் அந்நூல்களைப் பயின்றதில்லை! அக்காலத்துத் தமிழ்க் கல்வியின் நிலைமை அது.

அன்று தொடங்கிய உழைப்பு எளிதன்று. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் வேறுபாடு இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். படியெடுத்தோர் செய்த பிழைகளோ பல. ஐயர் பல ஊர்களிலிருந்து ஏடுகளைப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்புநோக்கித் தக்க பாடத்தைத் தேர்ந்தார். சமண சமயக் கருத்துகள் விளங்காதபோது, கும்பகோணத்துச் சமணர்களை நாடிக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. அவருக்கு முன்னரே இப்பணியில் இறங்கியவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. கலித்தொகையை அவர் பதிப்பித்ததும் 1887-இலேயே.

அச்சினால் ஒரு படி பல நூறாகப் பெருகி, பல ஊர்களில் பரவியது. அதன் பயனை அந்த யாழ்ப்பாணமே பின்னாளில் துயரோடு கண்டது. 1981-ஆம் ஆண்டில் அங்குள்ள பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. பிற இடங்களில் படி இருந்த நூல்களை மீண்டும் பெற வழியிருந்தது. வேறு படியில்லாத ஏடுகளும் கையெழுத்துச் சுவடிகளும் அன்றிரவோடு முடிந்தன.