ஒரு பேட்டரியில் மட்டும் கை வைக்காதீர்கள்

திருப்பாலைவனத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பெட்டி ஏற்றினால் ஒருமுறை பெங்களூரு, ஒருமுறை விஜயவாடாவுக்கும் அப்பால். "டிரிப் கணக்கு எழுதவும், இ-வே பில் பார்க்கவும், ராத்திரி பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேசவும் பழைய லேப்டாப் ஒன்றை வண்டியில் வைத்துக்கொண்டார். ஒயர்மேன் ஒரு பேட்டரியிலிருந்து லைன் இழுத்துக் கொடுத்தார். மூன்றே மாதத்தில் லாரி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டது. கம்ப்யூட்டரால் லாரி கெடுமா?" என்று கேட்கிறார்.

கம்ப்யூட்டரால் கெடவில்லை அம்மா. லைன் இழுத்த இடத்தால் கெட்டது.

லாரிக்குக் கம்ப்யூட்டர் புதிதல்ல. 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாட்டில் விற்கும் பி.எஸ். 6 வண்டிகளில் எந்த நொடி எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே ஒரு கணினிப் பெட்டிதான். வண்டி எங்கே போகிறது என்று முதலாளிக்குச் சொல்லும் கருவி இன்னொன்று. அப்படிப்பட்ட கருவிகள் பலவும் இப்போது ஜி.பி.எஸ். உடன் நம் நாவிக் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையையும் படிக்கின்றன. அந்த வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று நம் பழவேற்காடு ஏரிக்கு அக்கரையில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான் புறப்பட்டது. பழவேற்காட்டுக் கரையில் நின்று அண்ணாந்து பார்த்த அந்த நெருப்புக் கோட்டோடு தொடங்கிய வரிசைதான் இன்று லாரி இருக்கும் இடத்தைச் சொல்ல உதவுகிறது. இந்தக் கணினிகளுக்குப் போகும் ஒயர்களில் மட்டும் யாரும் கத்தி வைக்கக் கூடாது. நமக்கு வேண்டிய மின்சாரத்தை நேராகப் பேட்டரியிடம்தான் கேட்க வேண்டும். அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காரில் 12 வோல்ட். பெரிய லாரியில் 24. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக, தொடராக இணைத்து அந்த 24-ஐப் பெறுகிறார்கள். அவ்வளவு பெரிய டீசல் எஞ்சினை உருட்டிவிட செல்ஃப் மோட்டாருக்கு நிறைய சக்தி வேண்டும். வோல்ட் இரட்டிப்பானால் அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும். ஒயரின் கனமும் குறையும்.

கடையில் கிடைக்கும் பாட்டுப் பெட்டி, சார்ஜர் பலவும் காருக்காகச் செய்தவை. 12 வோல்ட்டில் ஓடுபவை. அதனால் பட்டறையில் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேட்டரியில் சேஸிஸை ஒட்டிய ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்தால் கச்சிதமாக 12 வோல்ட் வரும். செலவில்லை. அன்றைக்கு எல்லாம் நன்றாகவே ஓடும்.

பிறகு நடப்பதைச் சொல்ல என் ஆயாவைத் துணைக்கு அழைக்கிறேன். ஆயாவுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. எனக்கும் அண்ணனுக்கும் காலையில் அவர்தான் கூழ் ஊற்றுவார். அண்ணன் விடியுமுன் ஏரியில் வலை இழுத்துவிட்டு வந்திருப்பார். நான் அப்போதுதான் பாயை விட்டு எழுந்திருப்பேன். ஆயாவுக்கு இருவரும் ஒன்றுதான். ஆளுக்கு ஒரே அளவு ஊற்றுவார், பானையில் குறித்து வைத்த கோடு வந்ததும் நிறுத்திவிடுவார். அண்ணனுக்கு வயிறு நிறையாது. எனக்குத் திகட்டும்.

லாரியின் டைனமோவும் ஆயாவைப் போலத்தான். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து ஏறத்தாழ 28 வோல்ட் வந்துவிட்டதா என்று மட்டும் பார்க்கும். எது காலி, எது நிறைவு என்று அதற்குத் தெரியாது. தொடர் இணைப்பில் இரண்டின் வழியாகவும் ஓடுவது ஒரே கரண்ட். ஆளுக்கு 14 வோல்ட் இருக்க வேண்டிய நேரத்தில், லைன் கொடுத்துக் களைத்த பேட்டரி 13-ஐச் சுற்றித் தவிக்கும், மற்றது 15-ஐ நெருங்கும். கூட்டினால் 28 சரியாக வருகிறதே! பசித்ததன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போகும். நிறைந்ததற்குள் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். ஒன்று பட்டினியால் சாகும், இன்னொன்று அஜீரணத்தால் சாகும். செல்ஃப் அடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே உழைக்க வேண்டியிருப்பதால் பலவீனமான ஒன்று போதும், வண்டி நடுவழியில் நின்றுவிடும். வாசகியின் அண்ணனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

சரியான வழி எளியது. இரண்டு பேட்டரியின் முழு 24 வோல்ட்டையும் எடுத்து, 24-லிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டரில் கொடுக்க வேண்டும். அப்போது பாரம் இரண்டின் தோளிலும் சமமாக விழும். லேப்டாப்புக்கு மட்டும் என்றால் 24 வோல்ட்டை ஏற்று நேராக 19 அல்லது 20 தரும் சார்ஜர் கிடைக்கிறது. லேப்டாப்பின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் பார்த்து வாங்குங்கள். இன்வெர்ட்டர் வைத்து 230 வோல்ட்டுக்கு ஏற்றி, மறுபடியும் 19-க்கு இறக்குவதில் இரண்டு முறை நஷ்டம். அந்த நஷ்டம் கேபினுக்குள் சூடாகவும் வந்து சேரும்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். 60 வாட் லேப்டாப் 24 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியர் இழுக்கும்; கன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து மூன்று. எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து மணி நேரம் ஓடினால் 15 ஆம்பியர்-மணி. நல்ல நிலையில் உள்ள 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இதை எளிதாகத் தாங்கும். நிற்கும் வண்டியில் மீட்டர் 24-க்குக் கீழே இறங்கினால் லேப்டாப்பை மூடிவிடுங்கள். மிச்சம் இருப்பது செல்ஃபுக்கு.

ஃபியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்க வேண்டும். கேபினுக்குள் வைத்தால், வழியில் ஒயர் உரசிச் சேஸிஸில் தொடும்போது அது காப்பாற்றாது. நம் பக்கத்து உப்புக் காற்றில், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சீக்கிரமே பச்சை பூத்துவிடும். லக் வைத்து அழுத்தி, டெர்மினலில் வாசலின் பூசுங்கள். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி. ஆக மாற்றிவிடுங்கள், சாலைக் குலுக்கலில் அடிபட அதற்குள் சுழலும் பாகம் எதுவும் இல்லை. டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைக் கழற்றும் பழக்கத்தை மெக்கானிக்குகள் தயவுசெய்து விட வேண்டும். அந்த நொடியில் வோல்டேஜ் நூறைத் தாண்டியும் எகிறக்கூடும். எஞ்சின் கணினியே எரிந்துபோகலாம். திரையை ஓட்டுநர் கண்ணெதிரே மாட்டவே கூடாது. வண்டி நின்ற பிறகுதான் லேப்டாப் திறக்க வேண்டும்.

ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. சரக்கு எங்கே இருக்கிறது என்று பார்க்க லாரியில் கருவி வைக்கிறோம். டோலுக்கு ஃபாஸ்டேக் ஒட்டுகிறோம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இ-வே பில்லுக்குக் கெடு வைத்திருக்கிறோம். இவ்வளவும் சரக்குக்காக. அந்தக் கேபினிலேயே உண்டு உறங்கும் மனிதருக்கு ஒழுங்கான ஒரு ப்ளக் வைத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் அவர் ஒரு பேட்டரியில் திருட்டுத்தனமாக லைன் எடுக்க நேர்கிறது. லாரி கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்ற விதியே 2025-இல்தான், அதுவும் புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு மட்டும் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு அது கிடையாது.

லாரி வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கன்வெர்ட்டர், ஒரு ஃபியூஸ், ஒரு ப்ளக். இதற்கு ஆகும் செலவு ஒரு ஜோடி பேட்டரியின் விலையைவிடக் குறைவு. அடுத்த முறை வண்டி பட்டறைக்குப் போகும்போது நீங்களே முன்னின்று பொருத்திக் கொடுங்கள்.