நுழைவு, வெளியேற்ற அசைவூட்டங்கள்

வலைப்பக்கத்தின் ஓர் உறுப்பு திரையில் புதிதாகத் தோன்றும்போது நிகழும் அசைவு நுழைவு அசைவூட்டம் எனவும், அது திரையிலிருந்து நீங்கும்போது நிகழும் அசைவு வெளியேற்ற அசைவூட்டம் எனவும் அழைக்கப்படுகின்றன. இவை விழுத்தொடர் பாணித் தாள் எனப்படும் சிஎஸ்எஸ் மொழியில் வரையறுக்கப்படுகின்றன. இவ்விரண்டில் வெளியேற்றமே நீண்டகாலம் சிக்கலாக இருந்து வந்தது.

தேவை

குரோம்பேட்டை நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புறநகர் மின்தொடர்வண்டிகளைப் பட்டியலிடும் ஒரு பக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். சில வண்டிகள் தாம்பரத்துடன் நின்றுவிடும். சில செங்கல்பட்டு வரை செல்லும். முதல் வண்டி புறப்பட்டதும் அதற்குரிய வரி சட்டென நீக்கப்பட்டால், கீழுள்ள வரிகள் அக்கணமே மேலேறிவிடும். இரண்டாம் வரியிலுள்ள செங்கல்பட்டு வண்டியைத் தொட விரல் நீட்டிய கூடுவாஞ்சேரிப் பயணி, அடுத்து வரும் தாம்பரம் வண்டியைத் தொட்டுவிடுவார். வரி மெல்ல மங்கி, அதன் இடமும் படிப்படியாகச் சுருங்கினால், எது நீங்கியது, எது மேலே வந்தது என்பது கண்ணுக்குப் புலப்படும். அசைவூட்டம் வெறும் அலங்காரமன்று என்பதற்கு இதுவே சான்று.

வரலாறு

சிஎஸ்எஸ் 1994-இல் ஓகொன் வியூம் லீ என்பவரால் முன்மொழியப்பட்டு, 1996-இல் முதற் பரிந்துரையாக வெளிவந்தது. அதில் அசைவுக்கு இடமில்லை. மார்க்கீ குறிச்சொல், ஃபிளாஷ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றையே அக்காலத் தளங்கள் நாடின. வெப்கிட் உலாவிப் பொறி 2007-இல் சிஎஸ்எஸ் வழி அசைவூட்டத்தை அறிமுகப்படுத்தியது.

செயற்படும் முறை

டிரான்சிஷன் எனும் பண்பு, பழைய மதிப்பிலிருந்து புதிய மதிப்புக்குப் படிப்படியாக மாறச் செய்கிறது. புதிதாகத் தோன்றும் உறுப்புக்குப் பழைய மதிப்பே இல்லாததால் அது இயங்குவதில்லை. ஆகவே தொடக்க நிலையைக் கீஃபிரேம்ஸ் விதியிலோ ஸ்டார்ட்டிங்-ஸ்டைல் விதியிலோ தனியே குறிப்பிட வேண்டும்.

வெளியேற்றத்தில் சிக்கல் வேறு. டிஸ்பிளே பண்புக்கு நன் எனும் மதிப்பு அளிக்கப்பட்டவுடன் உறுப்பு மறைந்துவிடும். அசைவதற்கு எதுவும் எஞ்சாது. எனவே நிரலர்கள் முதலில் உறுப்பை மங்கச் செய்து, அசைவு முடிந்த செய்தி கிடைத்தபின் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் நீக்கினர். அச்செய்தி வராமற்போனால், கண்ணுக்குத் தெரியாத பெட்டி பக்கத்தின் மேல் கிடந்து சொடுக்குகளைத் தடுக்கும். காரணம் எளிதில் பிடிபடாத பிழை இது. டிரான்சிஷன்-பிஹேவியர் பண்பில் அலவ்-டிஸ்கிரீட் எனக் குறித்தால், அசைவு முடியும்வரை உலாவியே மறைப்பைத் தள்ளிவைக்கும். இதனைக் குரோம் 2023-இலும், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் ஆகியன 2024-இலும் ஏற்கத் தொடங்கின. எனினும் உறுப்பை ஆவணத்திலிருந்தே ஜாவாஸ்கிரிப்ட் நீக்கிவிட்டால் இதனாலும் பயனில்லை. முதலில் மறைத்து, பின்னரே நீக்க வேண்டும்.

நுழைவுக்கு ஏறத்தாழ 200 முதல் 300 மில்லிவினாடிகளும், வெளியேற்றத்துக்கு அதனினும் குறைவாகவும் அளிப்பது வழக்கம். ஒளிபுகாமையையும் இடப்பெயர்வையும் மாற்றுவது உலாவிக்கு எளிது. உயரத்தை மாற்றினால் பக்க அமைப்பு மீண்டும் மீண்டும் கணிக்கப்படும் என்பதால் விலை குறைந்த கைப்பேசிகளில் அசைவு தடைபடலாம்.

தமிழ் எழுத்துகள்

சொல்லை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்யும்போது தமிழுக்குத் தனிக் கவனம் தேவை. 'தாம்பரம்' என்பதில் எழுத்துகள் 5. ஒருங்குறிக் குறியீடுகளோ 8. குறியீடு குறியீடாகப் பிரித்தால் துணைக்காலும் புள்ளியும் தனித்து நிற்கும். 'குரோம்பேட்டை' இன்னும் மோசமாகும். மெய்க்கு முன்னால் தோன்ற வேண்டிய கொம்பு பிரிந்துவிடும். ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட நிரல்களை அப்படியே பயன்படுத்துவோர் இதனைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஜாவாஸ்கிரிப்டின் இன்டில்.செக்மென்டர் முழு எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது.

அசைவு குறைத்தல்

உட்செவிச் சமநிலைக் குறைபாடு உடையோருக்குத் திரையின் பெரிய அசைவுகள் தலைச்சுற்றலையும் குமட்டலையும் ஏற்படுத்தக்கூடும். இவர்கள் தம் கருவியில் அசைவு குறைப்பைத் தேர்ந்திருந்தால், பிரிஃபர்ஸ்-ரெடியூஸ்டு-மோஷன் எனும் நிபந்தனை மூலம் பக்கம் அதனை அறியலாம். அப்போது நகர்வை நீக்கி, மெல்ல மங்குவதை மட்டும் வைத்துக்கொள்வது போதுமானது.