பாட்டிக்கு ஒரு நடைவண்டி

முன்னுரை

குழந்தைப் பருவத்தில் நம்மில் பலர் மூன்று சக்கர மர நடைவண்டியைத் தள்ளித்தான் நடை பழகினோம். விழுந்தோம், அழுதோம், மறுபடி எழுந்து தள்ளினோம். முதுமையில் கால் தளரும்போது மீண்டும் சக்கரத்தின் துணை தேவைப்படுகிறது. ஆனால் அந்த வயதில் விழுவது விளையாட்டன்று. எலும்பு மெலிந்த முதியோருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், பலர் பழையபடி நடமாடுவதே இல்லை. ஆகவே, பாட்டிக்கு நடைவண்டி வாங்கும்முன் நாம் அறிய வேண்டியவை சில உண்டு. அதிலும் மேடும் பள்ளமுமான நம் நீலகிரியில் இன்னும் கவனம் வேண்டும்.

வகைகள்

சக்கரமே இல்லாத நான்கு கால் வாக்கர் முதல் வகை. ஒவ்வோர் அடிக்கும் இதைத் தூக்கி வைக்க வேண்டும். உறுதியானது, ஆனால் கை வலிமை வேண்டும். முன்கால்களில் மட்டும் சக்கரமுள்ள வாக்கர் இரண்டாம் வகை. இதைத் தூக்க வேண்டியதில்லை, தள்ளினால் நகரும். மேலிருந்து அழுத்தினால் பின்கால்களின் ரப்பர் தரையைப் பற்றி நிறுத்தும். நான்கு கால்களிலும் சக்கரம், கைப்பிடியில் பிரேக், நடுவே உட்காரப் பலகை ஆகியவை உள்ள ‘ரோலேட்டர்’ மூன்றாம் வகை.

கடையில் பார்க்கும்போது மூன்றாவதே நம் கண்ணைக் கவரும். ஆனால் அது எல்லோருக்கும் ஏற்றதன்று. சற்றே தள்ளாட்டம் உடையவர், விரைவில் களைத்துப் போகிறவர் ஆகியோருக்கு அது நல்ல துணை. உடல் பாரம் முழுவதையும் சாய்த்து நிற்கிறவருக்கு அது ஆபத்து. பாரம் ஏறினால் வண்டி முன்னே ஓடிவிடும். மறதி நோய் உள்ளவர் பிரேக்கை மறந்துவிடக்கூடும்.

கண்டுபிடித்த பெண்மணி

இந்த ரோலேட்டரை உருவாக்கியவர் ஒரு பெண் என்பது நமக்குப் பெருமையன்றோ! சுவீடன் நாட்டைச் சேர்ந்த ஐனா விஃபால்க் என்ற அம்மையார் 1949-ஆம் ஆண்டு, தம் இளம் வயதிலேயே, இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்டார். பல ஆண்டுகள் ஊன்றுகோலில் நடந்ததால் அவருடைய தோள்கள் தேய்ந்தன. தம் துன்பத்திலிருந்தே வழி கண்டு, 1978-இல் சக்கர நடைவண்டியை வடிவமைத்தார். அது பலருக்கும் பயன்பட வேண்டும் என்று எண்ணி, அதற்குக் காப்புரிமை பெறவில்லை.

மலைச்சரிவும் பிரேக்கும்

நம் மலை இரயிலை எண்ணிப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மிகச் செங்குத்தான இடங்களில் 12 அடிக்கு 1 அடி வீதம் பாதை உயர்கிறது. வெறும் சக்கரம் போதாது என்றுதான் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் அமைத்திருக்கிறார்கள். பெட்டிதோறும் பிரேக் போட ஓர் ஆள் நிற்கிறார். பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் இதற்கு மேல் செங்குத்தாக இருக்கலாகாது என்பதே விதி. ஆனால் நாம் அன்றாடம் நடக்கும் சந்துகளும் எஸ்டேட் பாதைகளும் இதைவிடச் செங்குத்தானவை அல்லவா?

அப்படிப்பட்ட 12-க்கு 1 சரிவில் பாட்டி 24 கிலோ பாரத்தை வண்டிமேல் சாய்த்தால், ஏறத்தாழ 2 கிலோ பாரம் வண்டியைக் கீழே இழுக்கும். சரிவு இரட்டிப்பானால் இழுப்பும் இரட்டிப்பாகும். எனவே இறங்கத் தொடங்கும் முன்பே பிரேக்கை இலேசாகப் பிடிக்க வேண்டும். வண்டியை உடலுக்கு அருகிலேயே வைத்து, சிற்றடிகளாக வைக்க வேண்டும். வீட்டார் ஒருவர் பக்கத்தில் நடப்பது நலம். படிகளில் சக்கர வண்டியே கூடாது. கைப்பிடிச் சுவரும் ஒருவரின் கையுமே துணை.

பிரேக் பிடியைப் பாட்டியின் விரல்கள் அழுத்த முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய விரல்களில் மூட்டு வலி இருப்பின், மென்மையாக இயங்கும் பிரேக்கே ஏற்றது. பலகையில் உட்காரும்முன் இரு பிரேக்குகளையும் பூட்ட வேண்டும்.

அளவு பார்த்தல்

வழக்கமாக அணியும் செருப்புடன் பாட்டியை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கைகள் இயல்பாகத் தொங்கட்டும். மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் உள்ளதோ, அதுவே கைப்பிடியின் உயரம். அப்போது பிடித்தால் முழங்கை சற்றே மடிந்திருக்கும். உயரம் கூடினால் தோள் வலிக்கும். குறைந்தால் முதுகு கூனும்.

வீடும் மழையும்

எஸ்டேட் லைன் வீடுகளில் வாசல் குறுகல். குளியலறைக் கதவோ அதினும் குறுகல். ஆகையால் கதவுகளை நாடாவால் அளந்த பிறகே வண்டி வாங்க வேண்டும். வீட்டுக்குள் சிறு சக்கரம் போதும். கற்கள் பெயர்ந்த பாதைக்கு 8 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள சக்கரம் வேண்டும். பேருந்தில் ஏற்ற வேண்டுமானால் மடக்கக்கூடியதும் எடை குறைந்ததுமே உதவும்.

நம் ஊரில் இரு பருவமழையும் பனிமூட்டமும் உண்டு. இரும்பு துருப்பிடிக்கும்; அலுமினியமே நல்லது. நனைந்த சக்கரத்தையும் பிரேக்கையும் உடனே துடைக்க வேண்டும். தேய்ந்த ரப்பரை மாற்ற வேண்டும். கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டினால் வண்டி கவிழலாம்.

எங்கே கேட்பது?

எந்த வகை ஏற்றது என்பதை மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்பதே முறை. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. வறுமையிலுள்ள முதியோருக்கு வாக்கர், ஊன்றுகோல் முதலியவற்றை இலவசமாக வழங்கும் மத்திய அரசின் ‘ராஷ்ட்ரிய வயோஶ்ரீ’ திட்டம் 2017-இல் தொடங்கப்பட்டது.

முடிவுரை

இவை யாவற்றினும் முக்கியமானது பாட்டியின் விருப்பம். “ஊரார் என்னைக் கிழவி என்பார்களே” என்று அவர் கூசலாம். அதட்டாமல், அவரையே பிடித்து நடந்து பார்க்கச் சொல்லித் தேர்ந்தெடுப்போம். அவருக்குப் பிடிக்காத வண்டி மூலையில் துணி காயத்தான் பயன்படும். பிடித்த வண்டியோ அவரை வாசல் தாண்டி வெயிலுக்கும், அண்டை வீட்டாரின் பேச்சுக்கும் அழைத்துச் செல்லும். தோழியரே, நமக்கு நடை பழக்கியவர்கள் அவர்கள். அவர்கள் நடையின் வேகத்திற்கு நம் நடையைக் குறைத்துக்கொண்டு உடன் செல்வோமாக!